349 நாட் அவுட்

2024 டிசம்பர் 3ஆம் தேதி மும்பை சிவாஜி பார்க்கில் கிரிக்கெட் பயிற்சியாளர் ரமாகாந்த் அச்ரேக்கருக்கு ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். மேடையில் ஓரமாக வினோத் காம்ப்ளி உட்கார்ந்திருந்தார். சச்சின் டெண்டுல்கர் அவரிடம் போய்ப் பேசினார். காம்ப்ளி சச்சினின் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மெதுவாகப் பேசி அந்தக் கையை விடுவிக்க வேண்டியிருந்தது. ஒரு நிமிடம்கூட ஓடாத அந்த வீடியோ இரண்டே நாளில் இந்தியா முழுக்கப் போய்விட்டது.

கும்மிடிப்பூண்டிக்கும் வந்தது. சிப்காட்டில் நான் வேலை செய்யும் இடத்தில் இரண்டாவது ஷிஃப்ட் டீ பிரேக்கில் நாலைந்து பேர் ஒரே போனில் குனிந்து பார்த்தோம். முதலில் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒருத்தர், "பாவம்டா" என்றார். அடுத்த நொடியே இன்னொருத்தர், "இன்னா பாவம்? யாராவது வாய்ல ஊத்துனாங்களா? அவனேதான குடிச்சான்" என்றார். டீ ஆறும்வரை சண்டை நடந்தது. ஒருத்தரும் ஜெயிக்கவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. குடியில் சிக்கிய ஒரு விளையாட்டு வீரரைப் பற்றி நமக்கு இரண்டே வாக்கியங்கள்தான் தெரியும். ஒன்று "பாவம்", மற்றொன்று "அவனே தேடிக்கிட்டது". ஒன்றைச் சொன்னால் மற்றதைச் சொல்லக்கூடாது என்றும் நினைக்கிறோம். இந்த இரண்டு வாக்கியங்களும் எங்கிருந்து வந்தன, அவை உண்மையிலேயே ஒன்றுக்கொன்று எதிரிகளா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

*

காம்ப்ளியின் கதையை நமக்கு ஒரு நீதிக்கதையாகத்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒரே குருவிடம் இரண்டு சீடர்கள். ஒருவன் ஒழுக்கமானவன், மேலே போனான். இன்னொருவன் அவனைவிடத் திறமைசாலி, ஆனால் ஒழுக்கமில்லை, கெட்டுப்போனான். பள்ளி ஆண்டுவிழாக்களிலும் தன்னம்பிக்கைப் பேச்சுகளிலும் இதைக் கேட்காதவர்கள் குறைவு. ஆமை, முயல் கதைக்கு இந்தியா கண்டுபிடித்த புது வடிவம் இது.

இந்த நீதிக்கதையில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை அப்படி ஓடவில்லை.

1988 பிப்ரவரி. ஹாரிஸ் ஷீல்டு பள்ளிகள் போட்டி. சாரதாஷ்ரம் வித்யாமந்திருக்காக 16 வயது காம்ப்ளியும் 14 வயது சச்சினும் ஆட்டமிழக்காமல் 664 ரன் சேர்த்தார்கள். சச்சின் 326, காம்ப்ளி 349. இரண்டுமே நாட் அவுட். அதே போட்டியில் காம்ப்ளி பந்துவீசி ஆறு விக்கெட்டும் எடுத்தார். சச்சின் அடுத்த வருடமே இந்திய அணிக்குப் போனார். காம்ப்ளி டெஸ்ட் ஆட 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாய்ப்பு வந்ததும் என்ன நடந்தது? முதல் டெஸ்ட் கொல்கத்தாவில், இரண்டாவது நம் சேப்பாக்கத்தில். மூன்றாவது டெஸ்டில், மும்பை வான்கடேயில் இங்கிலாந்துக்கு எதிராக 224. அடுத்த டெஸ்டில், டெல்லியில் ஜிம்பாப்வேக்கு எதிராக 227. அந்த வருடமே இலங்கையில் அடுத்தடுத்த டெஸ்டுகளில் 125, 120. ஏழு டெஸ்டுகளுக்குள் நான்கு சதம், அதில் இரண்டு இரட்டைச் சதம். சச்சினின் முதல் டெஸ்ட் இரட்டைச் சதம் 1999இல்தான் வந்தது. 14 இன்னிங்ஸில் ஆயிரம் ரன்னைத் தொட்டார் காம்ப்ளி. அவ்வளவு வேகமாக அதைத் தொட்ட இந்தியர் வேறு யாருமில்லை.

1994-95இல் வெஸ்ட் இண்டீஸ் இங்கே வந்தபோது எகிறும் பந்துகளில் அவர் தடுமாறினார். 1995 நவம்பரில் கட்டாக்கில் நியூசிலாந்துக்கு எதிராக ஆடியதுதான் கடைசி டெஸ்ட். அப்போது அவருக்கு வயது 23. மொத்தம் 17 டெஸ்ட், 1,084 ரன், சராசரி 54.20. அந்தச் சராசரியோடு 23 வயதில் டெஸ்ட் அணியிலிருந்து ஒரேயடியாக வெளியே போன இன்னொரு இந்தியரை நான் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அடுத்த கோடையில் கங்குலியும் திராவிடும் லார்ட்ஸில் அறிமுகமானார்கள். அதற்குப் பிறகு கதவு திறக்கவே இல்லை. ஒருநாள் அணியில் மட்டும் 2000 வரை வந்து வந்து போனார்.

அந்த வயதில் காதில் கடுக்கன், நகை, பார்ட்டி என்று அவர் வலம் வந்தது உண்மை. நீதிக்கதை அங்கேதான் பிடித்துக்கொள்கிறது. எகிறும் பந்து ஒரு ஆட்டப் பிரச்சினை. அதைப் பயிற்சியில் சரிசெய்ய வேண்டும், நேரம் கொடுக்க வேண்டும். எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 2024இன் தள்ளாட்டத்தைப் பார்த்துவிட்டு 1995க்குத் திரும்பிப் போய், "அன்னிக்கே குடிதான் காரணம்" என்று எழுதிவிடுகிறோம். கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு முழுப் புத்தகத்துக்கும் விமர்சனம் எழுதுவது மாதிரி. வேலையை இழந்த பிறகு குடி ஒருவனை முழுசாகப் பிடித்துக்கொள்வது, குடியால் வேலை போவதைப் போலவே அன்றாடம் நடக்கிற விஷயம். சிப்காட்டில் ஒரு ஆலை மூடினால் அதன் பிறகு ஆறு மாதத்தில் அந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

*

காம்ப்ளி காஞ்சூர்மார்க்கில் வளர்ந்தவர். மும்பை மின்சார ரயில் பாதையில், தொழிற்சாலைகள் நிறைந்திருந்த ஒரு புறநகர். அங்கிருந்து கிரிக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு நெரிசலில் சிவாஜி பார்க் வருவாராம். இதைப் படித்தபோது எனக்கு மூர் மார்க்கெட் காலை வண்டி ஞாபகம் வந்தது. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் விளையாட்டுப் பையோடு இரண்டு மூன்று பையன்கள் ஏறுவார்கள். ரயில்வே, ஐ.சி.எஃப்., போலீஸ், துறைமுகம் என்று எங்காவது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைக்காதா என்பதுதான் அந்தப் பையின் எடை. 2014இல் புரோ கபடி லீக் வந்து, 2017இல் தமிழ் தலைவாஸ் அணியும் சேர்ந்த பிறகு அந்த எடை இன்னும் கூடியது. டிவியில் வருவதை ஊர் முழுக்கப் பார்க்கிறதே.

எங்கள் பக்கத்தில் ஒரு ரைடர் இருந்தார். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்கிறேன். தை மாதப் போட்டிகளில் அவர் கோட்டைத் தாண்டினால் மைக் செட்காரர் பாட்டை நிறுத்திவிடுவார். ஆட்டத்தை வைத்துத்தான் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலையும் கிடைத்தது. ஊர்ப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தால் பெரிய மனிதர் யாராவது பாட்டில் வாங்கித் தருவார். தோற்றாலும் யாராவது வாங்கித் தருவார், கொஞ்சம் அதிகமாகவே. பதினேழு வயதில் அண்ணன் கையில் முதல் டம்ளரைக் கொடுத்தது அவரை ரசித்தவர்கள்தான். பிறகு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷனுக்குக் காசில்லை. ஆட்டம் நின்றது, கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. டம்ளர் மட்டும் நிற்கவில்லை.

இது ஊர்ப்பழக்கம் மட்டும் இல்லை. 1996 மார்ச் 13, ஈடன் கார்டன்ஸ், உலகக்கோப்பை அரையிறுதி. கூட்டம் பாட்டில் எறிந்து ஆட்டத்தை நிறுத்தியதும் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே நடந்தார். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். அவர் அழுத அந்தப் போட்டித்தொடரின் பெயரே வில்ஸ் உலகக்கோப்பை. வில்ஸ் ஒரு சிகரெட். 1998இல் கொல்கத்தாவின் இரண்டு பெரிய கால்பந்து அணிகளின் பெயர்களும் மாறின. ஒன்று மெக்டவல் மோகன் பகான், மற்றது கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால். 2008இல் ஐபிஎல்லுக்கு வந்த பெங்களூர் அணி தன் பெயரை ஒரு விஸ்கியிடமிருந்து எடுத்துக்கொண்டது. வீரன் குடிக்கக்கூடாது என்று சொல்லும் அதே விளையாட்டு, மதுவின் பெயரை அணியின் பெயராக வைத்துக்கொள்கிறது. இதைச் சொல்வதால் காம்ப்ளியின் கையிலிருந்த கிளாஸ் மறைந்துவிடாது. ஆனால் "யாராவது வாய்ல ஊத்துனாங்களா?" என்ற கேள்விக்கு "ஆமாம், கொஞ்சம் ஊற்றினார்கள்" என்ற பதிலும் உண்டு.

*

இன்னொரு பக்கம், "அது ஒரு நோய்" என்று எளிதாகச் சொல்கிறோமே, அந்த எண்ணத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

நெடுங்காலம் உலகம் முழுக்கக் குடி ஒரு பாவமாக, குணக்கேடாக மட்டுமே பார்க்கப்பட்டது. 1784இல் அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1804இல் பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் டிராட்டர் என்று ஓரிருவர், இதில் உடம்பு சம்பந்தப்பட்ட ஏதோ இருக்கிறது என்று எழுதினார்கள். 1956இல்தான் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிநோயை நோயென்று ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது.

நோய் என்பதன் பொருள் என்ன? தினமும் அதிகமாகக் குடிக்கும்போது மூளை அந்த மந்தநிலைக்கு ஈடுகொடுக்க, தன்னை எப்போதும் கொஞ்சம் முறுக்கேற்றி வைத்துக்கொள்ளப் பழகுகிறது. திடீரென்று குடியை நிறுத்தினால் முறுக்கு மட்டும் மிஞ்சும். கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும், இல்லாத உருவங்கள் தெரியும், உயிரே போகலாம். "மனசு வெச்சா நாளைக்கே நிறுத்தலாம்" என்று நாம் சொல்கிற அறிவுரை, முற்றிய நிலையில் இருப்பவருக்கு மருத்துவ ரீதியாகவே ஆபத்தானது.

தமிழ்நாட்டின் வரலாறு இன்னும் விசித்திரம். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். 1948இல் அது மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது. பிறகு மூடல், திறப்பு, மூடல். 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. எண்பது வருடத்துக்கும் மேலாக நம் அரசியல் கடையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறது. திறக்கலாமா, மூடலாமா, எத்தனை மணிக்குத் திறக்கலாம்? கடைக்கு வெளியே விழுந்து கிடக்கிற மனிதரை வைத்து என்ன செய்வது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை.

கேட்டவர்களில் முக்கியமானவர் சாந்தி ரங்கநாதன். டி.டி.கே. குடும்பத்து மருமகள். 1979இல் கணவரைக் குடியால் இழந்தார். பணம், செல்வாக்கு, மருத்துவர்கள் எல்லாம் இருந்த வீடு, ஆனால் இதற்கென்று போக ஊரில் ஓர் இடம் இல்லை. 1980இல் சென்னையில் கணவர் பெயரிலேயே டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அதுதான் இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படுகிறது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் சிகிச்சையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, குடிப்பவரோடு நிற்காமல் குடும்பத்தினருக்கும் தனியாகச் சிகிச்சை உண்டு என்பது. நோய் ஒருத்தர் உடம்பில் இருந்தாலும் அது வீடு முழுக்கப் பரவியிருக்கிறது என்பது, கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்குத்தானே முதலில் தெரியும்?

*

நோய் என்று ஏற்றுக்கொண்ட பிறகும் நம் மனசு ஒரு கணக்குப் போடுகிறது. "இவனுக்கு இதைப் பெறத் தகுதி இருக்கிறதா?"

ஜார்ஜ் பெஸ்டுக்கு அதைக் கேட்டார்கள். பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த, மான்செஸ்டர் யுனைடெட்டின் மகத்தான வீரர். 1968இல் 22 வயதில் ஐரோப்பியக் கோப்பையை வென்றார், அந்த வருடத்தின் சிறந்த ஐரோப்பிய வீரர் விருதும் அவருக்குத்தான். 1974இல் 27 வயதில் மான்செஸ்டரை விட்டு வெளியேறினார். 2002இல் பிரிட்டனின் பொது மருத்துவத் துறையில் அவருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தப்பட்டது. அதன் பிறகும் குடித்தார். 2004இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக அவருடைய லைசென்ஸ் பறிக்கப்பட்டது. வரிசையில் எத்தனையோ பேர் காத்திருக்க இவருக்கு ஏன் கொடுத்தார்கள் என்று ஒரு நாடே கோபப்பட்டது. 2005 நவம்பர் 25இல் இறந்தபோது, பெல்ஃபாஸ்ட் தெருக்களில் பெருங்கூட்டம் மழையில் நின்று அழுதது. அடுத்த வருடம் விமான நிலையத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். கோபப்பட்டதும் அழுததும் ஒரே ஜனம்தான்.

நமக்கு அந்தக் கேள்வி 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து வந்தது. மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்ததும் தமிழ்நாடே கொதித்தது. "எல்லையில நிக்கிற ராணுவ வீரனுக்கு எவ்ளோ? குடிச்சு செத்தவனுக்கு பத்து லட்சமா?" உயர் நீதிமன்றம் வரை வழக்கும் போனது. பணம் இறந்தவருக்குப் போகவில்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குப் போகிறது என்று எத்தனை பேர் யோசித்தோம்?

இந்தக் கருணாபுரம் கோபத்தையும் காம்ப்ளிமேல் வந்த பரிதாபத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காம்ப்ளிக்கு நாம் இரக்கப்பட்டதற்குக் காரணம் அவர் நோயாளி என்பது இல்லை. அவர் 349 அடித்தவர் என்பதுதான். "எவ்ளோ பெரிய ஆளா வந்திருக்க வேண்டியவன்!" என்ற பெருமூச்சில் நாம் வருந்துவது நமக்குக் கிடைக்காமல் போன இன்னிங்ஸ்களுக்காக. இதை இரக்கம் என்று சொல்வதைவிட ஏமாற்றம் என்று சொல்வது சரி. எதையும் சாதிக்காத கூலித் தொழிலாளி அதே நோயில் விழுந்தால் அவருக்கு அந்தப் பெருமூச்சுகூடக் கிடைப்பதில்லை. இரக்கத்தை ஸ்கோர்கார்டு பார்த்துக் கொடுத்தால் கோபத்தையும் ஸ்கோர்கார்டு பார்த்துத்தான் கொடுப்போம். அதனால்தான் அது ஒரே நாளில் திட்டாக மாறிவிடுகிறது.

*

சரி, பொறுப்பு? அதை யார் சுமப்பது?

டிசம்பர் வீடியோவுக்குப் பிறகு கபில் தேவும் 1983 உலகக்கோப்பை அணியினரும் காம்ப்ளிக்கு உதவத் தயார் என்றார்கள். ஒரு நிபந்தனையும் சொன்னார்கள். மறுவாழ்வு மையத்துக்கு அவர் முதலில் தானாகப் போக வேண்டும், செலவைத் தாங்கள் பார்த்துக்கொள்வோம். தன்னைத்தானே பார்த்துக்கொள்ளாதவரை மற்றவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும் என்பது கபிலின் கேள்வி. பலர் இதைக் கல்நெஞ்சம் என்றார்கள். ஏற்கெனவே பதினான்கு முறை மறுவாழ்வு மையத்துக்குப் போய்வந்தவர் என்று அவருடைய நண்பர் ஒருவர் சொன்னதும் செய்தியானது. அதை வைத்து, "பதினாலு தடவை போயும் திருந்தலியே" என்றும் பேசினார்கள்.

எனக்கு அந்தப் பதினான்கு வேறு மாதிரித் தெரிகிறது. பதினான்கு முறை விழுந்தவர் பதினான்கு முறை போயும் இருக்கிறார். சர்க்கரை ஏறி பதினான்கு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்த மாமாவைப் பார்த்து யாரும் இனி சேர்க்காதே என்று சொல்வதில்லை. இது திரும்பத் திரும்ப வருகிற நோய்.

ஆனால் கபிலின் கேள்வியைத் தள்ளிவிடவும் முடியவில்லை. அதற்குக் காரணம் எங்கள் ரைடர் அண்ணனின் மனைவி. ஒருமுறை நானும் இன்னொரு பையனும் அவர்கள் வீட்டுக்குப் போய், அண்ணனைத் திட்டாதீங்க அண்ணி, அது ஒரு வியாதி, டாக்டருங்களே சொல்றாங்க என்று பேசினோம். அவர் அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னார்:

"பாவம்னு சொல்ற யாரும் இந்த வூட்ல ஒரு ராத்திரி தங்கனதில்ல தம்பி. வியாதின்னு சொல்றீங்க, சரி, நான் ஒத்துக்கறேன். எங்கம்மாவுக்கும் சுகர் வியாதி. அது அவங்க தப்பா? இல்ல. ஆனா மாத்திர அவங்கதான போடணும்? அவங்களுக்கு பதிலா நான் முழுங்க முடியுமா?"

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார்: "மாத்திர வாங்க நான் எங்க போறதுன்னும் சொல்லுங்க."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு மேல் இந்த விஷயத்தில் நான் எதையும் படித்ததில்லை. நோய் வந்ததற்கு அவர் குற்றவாளி இல்லை. மாத்திரை போடுவது அவர் பொறுப்பு. அந்த மாத்திரை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டியது மற்றவர்களின் பொறுப்பு. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கமும் கிட்டத்தட்ட இதைத்தான் தன் பன்னிரண்டு படிகளில் வைத்தது. முதல் படியில், குடியின் முன்னால் தான் சக்தியற்றவன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பிந்தைய படிகளில், தன்னால் காயப்பட்டவர்களின் பட்டியலை எழுதி, முடிந்தவரை ஈடுசெய்ய வேண்டும். சக்தியற்றவனிடம் பொறுப்பைக் கேட்பது முரணாகத் தோன்றும். தனியாக முடியாது என்று ஒத்துக்கொள்வதே பொறுப்பின் தொடக்கம் என்பது அந்த மனிதர்கள் அனுபவத்தில் கண்டது.

பொறுப்பு என்பதை விட்டுவிட்டு இரக்கம் மட்டும் பேசினால் அண்ணி மறைந்துபோகிறார். பெஸ்ட் 1984இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கும் காவலரைத் தாக்கியதற்கும் சிறை சென்றார். அந்த வண்டி முன்னால் ஒரு குழந்தை வந்திருந்தால் "நோயாளி" என்ற சொல் அந்தத் தாயிடம் செல்லாது. அடி வாங்கியவர்களும் அடகுக்குப் போன தாலிச் செயினும் இந்தக் கதைக்குள் இருக்கிறார்கள். இரக்கம் அவர்களைத் தாண்டிக்கொண்டு போய் வீரரை மட்டும் கட்டிப்பிடிக்கக் கூடாது.

*

"மாத்திர வாங்க எங்க போறது" என்ற அண்ணியின் கேள்விக்கு வருவோம்.

2019இல் வெளிவந்த எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய ஆய்வு, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது என்றது. மற்ற 37 பேரையும் நாம் "மனசு வெச்சா முடியும்" என்ற அறிவுரையோடு விட்டுவைத்திருக்கிறோம். சட்டம் இதை நோய் என்கிறது. ஆனால் உங்கள் மருத்துவக் காப்பீட்டு பாலிசியை எடுத்து, எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். மதுப்பழக்கச் சிகிச்சை பெரும்பாலும் அதில்தான் இருக்கும். டாஸ்மாக் மூலம் அரசுக்கு ஒரு வருடத்தில் வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல் (2023-24). எங்கள் ஊரில் கடை இருக்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். போதை மீட்புச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேட்டால் நாலு பேருக்குப் போன் பண்ண வேண்டும்.

விளையாட்டு அமைப்புகளுக்கும் ஒரு பங்கு உண்டு. 2022இல் காம்ப்ளி ஒரு பேட்டியில், கிரிக்கெட் வாரியம் தரும் 30,000 ரூபாய் ஓய்வூதியம்தான் தன் ஒரே வருமானம், மும்பை கிரிக்கெட் சங்கம் ஏதாவது வேலை தரட்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். நாம் அதைப் பரிதாபச் செய்தியாகப் படித்தோம். ஆனால் அவர் கேட்டது வேலை. 2025 ஏப்ரலில் சுனில் கவாஸ்கரின் சேம்ப்ஸ் அறக்கட்டளை அவருக்கு மாதம் 30,000 ரூபாய் தரத் தொடங்கியது. முன்னாள் வீரர்களுக்காகவே 1999இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. பெருமூச்சு விடாமல், வீடியோ போடாமல் மாதாமாதம் போய்ச் சேருகிற அந்தத் தொகையை நான் இரக்கம் என்பேன். ஓய்வு பெற்ற பிறகு தருகிற இந்த உதவி, 23 வயதில் ஆட்டம் திடீரென்று நின்றுபோன அன்றே ஓர் ஆலோசகராக, ஒரு வேலையாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இன்று மூர் மார்க்கெட் வண்டியில் பையோடு ஏறுகிற பையன்களுக்கு அதைக் கேட்கலாம். ஊர்ப் போட்டியில் ஜெயித்தவனுக்குப் பாட்டிலுக்குப் பதில் முழங்கால் சிகிச்சைக்கு ஒரு நிதி வைக்கலாம். அதற்குக் கவாஸ்கர் வேண்டியதில்லை, போட்டிக் கமிட்டியே போதும்.

2024 டிசம்பர் 21இல் காம்ப்ளி தானே மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூளையில் ரத்தக்கட்டிகள் இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். கபிலின் நிபந்தனைக்கும் அந்த மாதமே பதில் சொல்லியிருந்தார், மறுவாழ்வு மையத்துக்குப் போகத் தயார் என்று. 2025 ஜனவரி 1ஆம் தேதி வீடு திரும்பும்போது இந்திய அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, கையில் மட்டையோடு சில ஷாட்களை ஆடிக் காட்டினார். மதுவைத் தொடாதீர்கள் என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்.

அந்த வீடியோவையும் எங்கள் ஷிஃப்ட்டில் பார்த்தோம். "பதினஞ்சாவது தடவ" என்று யாரோ சிரித்தார்கள். போன மாதம் "பாவம்டா" என்று சொன்னவர் இந்த முறை அதைச் சொல்லவில்லை. "வூட்ல யாரு கூட இருக்காங்களாம்?" என்று கேட்டார்.